ஒஹாஜின் நிழல் கிடந்த இடம்

ஒஹாஜின் நிழல் அவன் விழுந்த இடத்திலேயே மூன்று ஆண்டுகள் கிடந்தது. நண்பகலில் ஆடுகள் வந்து அதில் படுத்துக்கொள்ளும். சிங்கட் ஊருக்குக் கிழக்கே, செங்கடல் குன்றுகளுக்குள் ஆட்டுக்கு அதைவிட நல்ல நிழல் அப்போது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் விழுந்தது வெள்ளைக்காரர்கள் படமெடுக்க வந்த குளிர்காலத்தில். அவர்களில் ஒருவன் எழுதிய எல்லைப்போர் சாகச நாவலைத்தான் எடுத்தார்கள். இந்தக் குன்றுகளில் ஒட்டகம் மேய்க்கும் ஹதெந்தோவாக்களான நாங்கள் எங்கள் பாட்டன்மாராக நடிக்க வேண்டும். துப்பாக்கி வரிசையை நோக்கி ஓட வேண்டும். வெடித்ததும் விழ வேண்டும். நிஜப் போரில் பாட்டன்மார் அந்த வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே போனவர்கள். அதை எழுத வேண்டிய பக்கம் வந்தபோது நாவல்காரனுக்குக் கை வலித்துவிட்டது போலும். சுட்டார்கள். ஒருவரும் விழவில்லை. ஒன்பது தடவை எடுத்தார்கள்; ஒன்பது தடவையும் இருநூறு பேர் நேராக ஓடிப்போய் கேமராவைச் சுற்றி நின்றோம்.

"விழுங்கப்பா, சும்மா நடிப்புதானே!" என்று மொழிபெயர்க்க வந்த துபாசி கெஞ்சினான்.

"மொதல்ல நெஜக் குண்டு போடச் சொல்லு. விழறதப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்," என்றார் பெரியவர் அதரோப்.

ஒஹாஜோ பொறுமை என்றால் என்ன விலை என்று கேட்பவன். அன்று அவனுடைய ஒட்டகம் ஈனும் நாள் வேறு. வேலை முடிந்தால் போதும் என்று பத்தாவது வெடிக்கு விழுந்துவிட்டான். இயக்குநர் கைதட்டினார். ஒஹாஜ் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். நிழல் எழவில்லை.

எங்களில் பால் கறந்தவன், வேறொருவர் ஒரு வாய் குடிக்கும்வரை அதைக் குடிக்கக்கூடாது. ஒஹாஜ் கறந்த பாலைத் தன் மனைவி ஃபாத்னாவிடம் நீட்டினான். அவள் அவன் காலடியைப் பார்த்தாள்.

"துப்பாக்கிக்கு முன்னால விழுந்தவன் கையால நான் குடிக்க மாட்டேன். போய் உன் நிழலக் கூட்டிட்டு வா."

செத்தவன் கறந்த பால் என்று ஊரிலும் யாரும் வாய் வைக்கவில்லை. அதன்பின் அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நிழலை மண்வெட்டியால் பெயர்த்துப் பார்த்தான். அது குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. கசலாவுக்கு நடந்தான், சுவாக்கினுக்கு நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி கிளம்பினான். ஊரிலிருந்த நாளெல்லாம் கறந்தான். கறந்ததைக் கன்றுக்கே ஊற்றினான். கன்று கொழுத்தது, அவன் குச்சியானான். பாவம், பார்க்கவே வயிறெரியும்.

நான்காம் குளிர்காலத்தில் அந்தப் படம் லாரியில் வந்தது. சந்தையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். ஓடிய இருநூறு பேரையும் படத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டு, விழுந்த ஒருவனை மட்டும் வைத்திருந்தார்கள். துப்பாக்கி வெடித்தது, ஒஹாஜ் விழுந்தான். ஃபாத்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"யோவ், எந்திரிய்யா! எவ்வளவு நாளைக்குத்தான் கிடப்ப? மூணு வருஷமா நானும் பால் குடிக்கலய்யா!"

எங்களுக்கு அது அப்போதுதான் தெரியும். திரையில் ஒஹாஜ் எழுந்தான். கதாநாயகன் வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் குறுக்கே புகுந்து, துப்பாக்கி வரிசையைத் தோளால் விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அதரோப் மட்டும், "இப்பதான் கதை சரி," என்றார்.

காலையில் ஒஹாஜ் கறந்தபோது பக்கத்தில் நிழலும் குனிந்திருந்தது. ஃபாத்னா ஒரு வாய் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "ம், குடி," என்றாள். அவன் குடித்தான், அழுதுகொண்டே குடித்தான். லண்டனில் ஓடும் பிரதிகளிலும் அந்த ஆள் எழுந்து போய்விடுகிறானாம், துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். படுக்க நிழல் போன ஆடுகள் இரண்டு நாள் கத்தின. பிறகு ஒரு பாறை நிழலைப் பார்த்துக்கொண்டன.