சொட்டுத் தண்ணி படாத வண்டி

எமில்டா கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். தூத்துக்குடியில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன பார்லர் வைத்திருக்கிறாள். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் எந்தக் கடற்கரை ஊரில் எந்தப் பெண் வெள்ளை கவுன் போட்டுப் பலிபீடத்துக்கு நடந்தாலும், அவள் தலையில் கிரீடம் நேராக நிற்பது பெரும்பாலும் எமில்டாவின் கொண்டை ஊசி தயவில்தான்.

கண்ணாடி, லைட்டு, சவுரி, கிரீடம், பெட்டி பெட்டியாகப் பவுடர், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் போய் வந்தாள். ஒருநாள் உடன்குடி பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தில் ஒரு பெரியவர் அவளுடைய அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். கிரீடத்தின் முனை கூர்மையானது. அவர் போட்ட கூச்சலில் பஸ்ஸே நின்றது. அன்றைக்கே எமில்டா கார் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டாள்.

போனில் தேடியதில் ஒரு வெள்ளைக் கார் கிடைத்தது. விற்கிறவர் பொன்னுதுரை, ஸ்ரீவைகுண்டத்தில் அரிசிக் கடை வைத்திருப்பவர். ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்து போன மறுவருஷம் அது. எங்கள் ஜில்லாவில் அப்போது பழைய வண்டி வாங்குகிற யாரும் விலையைக் கேட்பதற்கு முன்னால் வெள்ளத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எமில்டாவும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள்.

"அண்ணாச்சி, வெள்ளத்துல மாட்டுன வண்டி இல்லல்லா?"

பதில் குரலாகவே வந்தது. "எம்மா, நம்ம வண்டியில சொட்டுத் தண்ணி படல. கள்ளபிரான் மேல சத்தியம். நம்பி எடுங்க."

அந்த ஊர்ப் பெருமாளின் பேர் அது. கள்ளன் வேஷத்தில் வந்த பெருமாள் என்பது கோயில் கதை. எமில்டாவுக்கு அது தெரியாது. சாமி பேரில் சத்தியம் பண்ணுகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பினாள்.

இருந்தாலும் வண்டி பார்க்க ஜோன்ஸைக் கூட்டிக்கொண்டு போனாள். ஜோன்ஸ் விசைப்படகுக்கு இஞ்சின் பார்க்கிறவன். "கடலுக்குள்ள ஓடுற இஞ்சினையே மேய்க்கேன், ரோட்டுல ஓடுறது என்ன பெரிய இதா" என்பது அவனுடைய வாதம். பானெட்டைத் திறந்து "ம்" என்றான். மூடினான். உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டு, பாட்டைச் சத்தமாக வைத்தான்.

"எக்கா, இஞ்சின் சத்தமே கேக்கல. நல்ல வண்டி."

சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தது. மல்லிகை வாசம் ஆளைத் தூக்கியது. வண்டி எமில்டா பேருக்கு மாறியது.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. மல்லிகை வாசம் போய், உள்ளே இருந்து வேறு ஒரு நாற்றம் மெதுவாக எட்டிப் பார்த்தது. ஊரே கருவாடு காயப் போடுகிற இடம் என்பதால் எமில்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வந்தது மணப்பாட்டுக் கல்யாணம். பெண்ணுக்கு மேக்கப் முடிந்ததும், நம்ம வண்டியிலேயே கோயிலுக்குக் கொண்டு விடுகிறேன் என்று எமில்டாதான் வாய் விட்டாள். கோயில் வாசலில் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாமியார் தீர்த்தத்தோடு நின்றார். எமில்டா வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தாள்.

ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

அவள் ஹாரன் மேல் கையே வைக்கவில்லை. அது பாட்டுக்கு ஒரே மூச்சாக அலறியது. நல்ல வெயிலில் வைப்பர் அடித்தது. நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. கண்ணாடி இறங்கவில்லை. பேண்டு மாஸ்டர், இதுவும் ஏதோ ஏற்பாடு என்று நினைத்து, ஹாரனுக்கு ஈடாக டிரம்மை ஓங்கி அடிக்கச் சொன்னார். உள்ளே பெண்ணின் முகத்தில் எமில்டா மூன்று மணி நேரம் பூசியதெல்லாம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"சேசுவே, ஒடைங்கலே கண்ணாடிய!" என்று யாரோ கத்தினார்கள். கடைசியில் மாப்பிள்ளைத் தோழன் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி டிக்கியைத் திறந்தான். பெண் பின்சீட்டின் மேல் ஏறி, கால் முன்னாலும் கிரீடம் பின்னாலுமாக இறங்கினாள். வானத்திலிருந்து இறங்குகிற சம்மனசு மாதிரி வருவாள் என்று காத்திருந்த மாப்பிள்ளை, இரண்டு வெள்ளைச் செருப்புகளைத்தான் முதலில் பார்த்தான். ஊர் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

பெண்ணின் அம்மா பூசை முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு வந்தாள்.

"ஏளா எமில்டா, எம் மவள உப்பு மூட்ட மாதிரி டிக்கியில எறக்கவா ஒன்னைக் கூப்பிட்டேன்?"

எமில்டா அழுதாள். அழுதுகொண்டே வண்டியை இழுத்துவரச் செய்து ஜோன்ஸின் பட்டறையில் போட்டாள். ஜோன்ஸ் இந்தத் தடவை பாட்டுப் போடவில்லை. தரை விரிப்பைப் பிரித்தான். கீழே வண்டல், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வயரெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஸ்டெப்னியைத் தூக்கினால், அதன் அடியில் காய்ந்து வளைந்து ஒரு மீன்.

"எக்கா, நீ எப்பவாவது மீன் வாங்கிப் போட்டிருப்ப."

எமில்டா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்கப்பா தோணிக்காரர்ல. கடல் மீனு எது, ஆத்து மீனு எதுன்னு எனக்குத் தெரியாதா? இது ஆத்துக் கெண்டை. ஸ்ரீவைகுண்டத்துலருந்து என்கூடவே வந்திருக்கு."

அங்கிருந்தே பொன்னுதுரைக்குப் போன் போட்டாள். அவர் பதறவே இல்லை.

"மீனா? எம்மா, நீங்க கடக்கர ஆளு. மீனு ஒங்க வண்டியில கெடக்காம எங்க வண்டியிலயா கெடக்கும்? நாங்க சைவம், பாத்துக்கிடுங்க."

வைத்துவிட்டார்.

எமில்டா வக்கீல் விஜிலாவிடம் போனாள். விஜிலாவின் கல்யாணத்துக்கும் எமில்டாதான் மேக்கப். அந்தப் பழக்கம். கதையைக் கேட்கும்போது விஜிலா இரண்டு இடத்தில் சிரித்தாள். ஒன்று செருப்பு, இன்னொன்று சைவம். சிரித்து முடித்துவிட்டு வக்கீலானாள்.

"நுகர்வோர் கோர்ட்டுல போட முடியாதுக்கா. அங்க போகணும்னா விக்கிறவன் வியாபாரியா இருக்கணும்."

"அவரு வியாபாரிதானளா?"

"அரிசி வியாபாரி. அரிசியில கல்லு கெடந்தா இழுக்கலாம். காருல மீனு கெடந்தா இழுக்க முடியாது. அவரு சொந்தக் காரை ஒருதடவ வித்தாரு, அவ்வளவுதான். பழைய வண்டிய ஒரு ஆளுகிட்ட வாங்கினா, நல்லது கெட்டது வாங்குறவ பாத்துக்கிடணும். சட்டம் அப்படித்தான் ஆரம்பிக்கும்."

"அப்ப என்னைய ஏமாத்தினது சரிங்கியா?"

"ஆரம்பிக்கும்னுதான் சொன்னேன், முடியும்னு சொல்லல. நீ கேக்கல, அவரு சொல்லலன்னா, பெரும்பாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சும்மா வாயை மூடிட்டு இருக்கிறது மோசடி ஆகாது. ஆனா நீ கேட்டிருக்க. அவரு தெரிஞ்சே பொய் சொல்லியிருக்காரு. பொய் சொல்லி வித்தா, அந்த யாவாரமே வேண்டாம், பணத்தைக் குடு, வண்டிய எடுத்துக்கோன்னு நீ சொல்லலாம். அந்தக் குரல் பதிவை அழிச்சிராத. ஆனா வண்டி வெள்ளத்துல கெடந்துச்சுன்னு நிரூபிக்கணும். செத்த மீன கூண்டுல ஏத்தி சாட்சி சொல்லச் சொல்ல முடியாது."

"போலீசுக்குப் போனா?"

"போகலாம். இது சிவில் மேட்டரும்மா, கோர்ட்டுக்குப் போன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க." விஜிலா எழுந்துகொண்டாள். "இன்னொண்ணு. இனிமே அந்த வண்டிய ஓட்டாத. குறை தெரிஞ்ச பொறவும் ஓட்டிக்கிட்டே இருந்தா, நீ அதை ஏத்துக்கிட்டன்னு ஆயிரும்."

வண்டி பார்லர் வாசலில் நின்றது. எமில்டா மறுபடி பஸ்ஸில் போனாள். மணப்பாட்டு வீடியோ அவளுக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போயிற்று.

அவள் புருஷன் ரெக்சன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் இருந்தான். அங்கே கரை இறங்கியதும் கூப்பிட்டான். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "கோர்ட்டுக்குப் போனா நம்ம புள்ளையளுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் நடக்கும். ஜோன்ஸை விட்டு வயரை மாத்து. உறையைப் போடு. மல்லிகப்பூ வாசம் அடிச்சு யார் தலையிலயாவது கட்டு" என்றான்.

"அது பொய்யில்லியா?"

"விஜிலா என்ன சொன்னா? கேக்காட்டி சொல்ல வேண்டாம்னுதான?"

எமில்டாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் போனில் விளம்பரம் போட்டாள். வாசனை பாட்டிலும் வாங்கினாள்.

ஒரு காலையில் மகாராஜன் வந்தார். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்பவர். ஆள் ஆறடி, மீசை அதற்கு மேல். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சீட்டைத் தட்டினார்.

"பொம்பளப் புள்ள வச்சிருந்த வண்டி. சுத்தமா இருக்கு. புடிச்சிருக்கு, எம்மா. அட்வான்ஸ் தரட்டுமா?"

அவர் கேட்கவில்லை. எமில்டா அவர் கேட்பதற்காகக் காத்திருந்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இந்த மனுஷன் அதற்கு வேலையே வைக்கவில்லை. சட்டப்படி அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஒரு நிமிஷம் நின்றும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க ஏன் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிய?"

"ஒங்க மொகத்தப் பாத்தாலே தெரியுதுல்லா."

"மொகத்துல மேக்கப் போட்டிருக்கேன், அண்ணாச்சி!" என்று எமில்டா வெடித்தாள். "இது வெள்ளத்துல முங்குன வண்டி. கதவ மூடிட்டுப் போங்க."

மகாராஜன் அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டவில்லை. கண்டபடி ஏசினார். "அதை விளம்பரத்துல போடுததுக்கு என்னளா? உடன்குடியிலருந்து வேலைமெனக்கெட்டு வந்திருக்கேன். மனுசனுக்கு வேற சோலி இல்லையா?" ஏசி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆருகிட்ட வாங்குனிய?" என்றார்.

"ஸ்ரீவைகுண்டம். அரிசிக் கடை பொன்னுதுரை."

மகாராஜன் வண்டியின் நம்பரை இப்போதுதான் குனிந்து பார்த்தார். அவர் மீசை ஆட ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று எமில்டாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

"காருக்கு மேல உக்காந்திருந்தவன்லா! எங்க மண்டி ஆளுக எல்லார்கிட்டயும் இருக்கு அது" என்று போனைத் தடவி ஒரு வீடியோவைக் காட்டினார்.

தெரு முழுக்கத் தண்ணீர். இதே வெள்ளைக் கார், ஜன்னல் வரைக்கும் முங்கி, ஒரு மின்கம்பத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நம்பர் பிளேட்டு மட்டும் அலைக்கு அலை எட்டிப் பார்க்கிறது. கூரைமேல் கோடு போட்ட உள்டிராயரோடு பொன்னுதுரை சம்மணம் போட்டு உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துக் கத்துகிறார். "பெருமாளே, ஹெலிகாப்டர அனுப்பு! இனிமே ஜென்மத்துக்கும் ஒரு பொய் சொல்ல மாட்டேன்! எட போடுததுல கைய வைக்க மாட்டேன்!"

எமில்டா அதை மூன்று தடவை பார்த்தாள். மகாராஜன் அனுப்பிவிட்டு, போகும்போதும் ஏசிக்கொண்டேதான் போனார்.

விஜிலா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள். பதில் வரவில்லை. இரண்டு பேரும் பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனார்கள். கடையில் நல்ல கூட்டம். பொன்னுதுரை தராசுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில், நெற்றியில் நாமத்தோடு, மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

விஜிலா முதலில் குரல் பதிவைப் போட்டாள். சொட்டுத் தண்ணி படல. பிறகு வீடியோவைப் போட்டாள். வாங்க வந்தவர்கள் அரிசியை மறந்துவிட்டார்கள்.

"அது நான் இல்ல" என்றார் பொன்னுதுரை.

"டிராயரு நம்ம அண்ணாச்சிக்குள்ளதுதான்" என்று கூட்டத்தில் ஒரு குரல் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டும்.

"எம்மா, நான் எங்க பொய் சொன்னேன்? தண்ணி படலன்னேன். வந்தது வெள்ளம்லா? தண்ணி வேற, வெள்ளம் வேற."

"இதையே ஜட்ஜு முன்னாடி சொல்லுங்க, அண்ணாச்சி. எனக்கும் கேக்க ஆசையா இருக்கு" என்றாள் விஜிலா.

பொன்னுதுரையின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "கடையில அத்தன மூடையும் ஊறி முளைச்சுப் போச்சு, எம்மா. இன்சூரன்சுக்காரன் கையை விரிச்சிட்டான். நான் எங்க போவேன்?"

எமில்டாவுக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. அதனாலேயே கோபம் கூடியது. "ஒமக்கு வந்த நஷ்டத்த என் தலையில கட்டுவீரோ? நான் என்ன ஆத்துலயா வீடு கட்டுனேன்? ஒரு புள்ளைய டிக்கி வழியா எறக்க வச்சிட்டீரே!"

டிக்கிக் கதை கூட்டத்துக்குத் தெரியாது. விளக்கமாகச் சொல்லும்படி கேட்டார்கள். எமில்டா சொன்னாள். அவள் செருப்புக்கு வருவதற்குள் பொன்னுதுரை எழுந்து உள்ளே போய் அவர் சம்சாரத்தோடு பேசிவிட்டு வந்து, "கோர்ட்டெல்லாம் வேண்டாம். எடுத்துக்கிடுதேன்" என்றார்.

எழுதிக் கையெழுத்து வாங்காமல் விஜிலா நகரவில்லை. பணம் இரண்டு தடவையாக எமில்டாவின் பேங்குக்கு வந்து சேர்ந்தது. ஜோன்ஸுக்குக் கொடுத்ததும், கைவிட்டுப் போன கல்யாணங்களும் வரவில்லை. அதற்கும் கேட்கலாம் என்றாள் விஜிலா. போதும் என்றாள் எமில்டா.

வண்டியை எடுக்க பொன்னுதுரையே டிராக்டரோடு வந்தார். கயிற்றைக் கட்டிவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு பார்லர் வாசலிலேயே நின்றார். எமில்டா டீ வாங்கிக் கொடுத்தாள். உள்ளே மாட்டியிருந்த கல்யாணப் பெண் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் நீங்க போட்டதா, எம்மா?"

"ஆமா."

"தையில எம் மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு." டீயை உறிஞ்சினார். "எங்க ஊருக்கெல்லாம் வருவியளா?"

எமில்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கொழுப்பா, வெள்ளந்தியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"வருவேன். கார் அனுப்பணும். ஜோன்ஸ் பாக்காத கார். பணம் முழுசும் முன்னாடியே வைக்கணும்."

"வச்சிருதேன்."

"பொண்ணு மொகம் எப்படி?"

"கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மாசு மறு..." என்று ஆரம்பித்தவர், எமில்டாவின் பார்வையைப் பார்த்து நிறுத்தினார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பரு உண்டு, எம்மா. ரெண்டு கன்னத்துலயும். நெறய."

"சரி" என்று எமில்டா காலண்டரை எடுத்துத் தை மாசத்தைத் திருப்பினாள்.