அரைகுறை ஃபோல்டர்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. "பத்திரமா இருக்கு இத்தா" என்று ஒரு பெண் ஓர் அக்காவிடம் சொன்னாள். அவளுக்கு நஜ்லா என்று பெயர் வைத்திருக்கிறேன். வயது பதினாறு. (உண்மைப் பெயரைக் கேட்காதீர்கள். அவளுடைய அண்ணன் இதைப் படிக்கக்கூடும்.)

2

முதல் தொடக்கம்: வடகரையில் அன்றைக்கு விடாத மழை பெய்து…

வேண்டாம். மழையைக் காட்டி நேரம் கடத்துகிறேன்.

இரண்டாவது: ஸ்டுடியோவில் டிஸ்க் நிரம்பிவிட்டது. நஜ்லாவின் அண்ணன் ஜாஸிர், கல்யாணப் போட்டோகிராபர். படங்களைக் காப்பி பண்ணும்போது கரண்ட் போகும். ஜாஸிர் மறுபடி முதலிலிருந்து புது ஃபோல்டரில் ஆரம்பிப்பான். பழைய பாதி அப்படியே கிடக்கும். இன்று காலை நஜ்லா அந்த மாதிரிப் பாதிகள் பதினொன்றை அழித்தாள்.

"ஒன்னரை டெராபைட் காலியாச்சு இக்கா!"

"அடிப்பாவி! புது டிஸ்க் வாங்குன்னு ஒரு மாசமா என் தலையைத் தின்னியே, இது அப்பவே தோணலையா?"

"கம்ப்யூட்டரைத் தொட விட்டாத்தானே தோணும்?"

"சரிடி, சரிடி. ஞாயித்துக்கிழமை நிக்காஹுக்கு ரெண்டாவது கேமரா உனக்குத்தான்."

இன்றைய கல்யாணப் படங்களைக் காப்பி போட்டுவிட்டு அவன் சாப்பிடப் போனான். அப்போதுதான் ஆமினா இத்தா வந்தார். அவர் மகள் கல்யாணத்தை ஏப்ரலில் ஜாஸிர்தான் படம் எடுத்தான். கல்யாணம் முடிந்து தோஹாவுக்கு வேலைக்குத் திரும்பிய இத்தாவின் கணவர், மூன்றாம் வாரம் சவப்பெட்டியில் வந்தார்.

"மாப்பிள்ளை கையைப் பிடிச்சு மகளைக் கொடுத்தார்ல, அந்த ஒரு படம் போதும் மோளே. வீட்ல பாஸ்போர்ட் போட்டோதான் இருக்கு. அதுலயும் என்னை முறைச்சுக்கிட்டே இருக்காரு."

"பத்திரமா இருக்கு இத்தா."

3

அவர் போன பிறகு தேடினாள். பத்துப் பாதிகளுக்குப் பக்கத்தில் முழுசு இருந்தது. ஏப்ரலுக்கு இல்லை. ஃபோல்டர் பெயரைப் பார்த்தே காப்பி முடிந்தது என்று நினைத்து, ஜாஸிர் கேமரா கார்டையும் காலி செய்திருந்தான்.

(இங்கே ஜாஸிரைத் திட்டி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். திறந்து பார்க்காமல் அழித்தது அவள்தான்.)

அழித்தது உடனே போய்விடாது.* மேலே புதிதாக ஏதாவது வந்து உட்காரும்வரை அங்கேயே கிடக்கும், மீட்கலாம். ஆனால் புதிது, இன்றைய கல்யாணப் படங்கள், இப்போதே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. நாற்பத்தொரு சதவீதம்.

* அந்தப் பாதிக்குள் கை பிடித்த படம் இருந்ததா என்பதே தெரியாது.

4

முடிவு ஒன்று: காப்பியை நிறுத்துகிறாள். இன்றைய படங்கள் கார்டில் இருக்கின்றன, நஷ்டமில்லை. போன் எடுத்து, "இக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்கிறாள். அதற்குப் பிறகு ஜாஸிர் என்ன சொல்வான் என்று மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஞாயிற்றுக்கிழமை கேமரா கிடைக்கவில்லை.

முடிவு இரண்டு: சும்மா இருக்கிறாள். கரண்ட் மேல் பழி போகும். யாருக்கும் தெரியாது. ஞாயிறன்று வேறொரு வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கும்போது, கேமராவுக்குப் பின்னால் அவள்…

இதற்குமேல் எழுத வரவில்லை. அவள் விரல் காப்பியை நிறுத்தும் பொத்தான் மேலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். யோசித்துச் சொல்லலாம், ஆனால் நீங்கள் யோசிக்கும்போதும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

நாற்பத்தேழு.