துணி யார் துவைக்கிறது?

"சண்டை கிண்டை?" என்று கேட்டார் முத்திரை அண்ணன்.

நர்ஸம்மா இல்லை என்று தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன். கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன், வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தான். அவனும் இல்லை என்று தலையாட்டினான். தலையாட்டுவதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமைக்குக் குறைச்சல் இல்லை.

முத்திரை அண்ணன் குடியேற்ற விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பவர். கீழே சலூன், மாடியில் அவர் ஆபீஸ். அவர் கைபட்ட காகிதத்துக்கு முத்திரை விழாமல் போகாது என்று ஊருக்குள் ஒரு பேச்சு, கிளப்பிவிட்டவரும் அவரேதான். இவர்கள் இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிப் போட்டவர் அவர். விண்ணப்பம் அவள் பெயரில், அவள் வேலையை வைத்து. கணவன் என்கிற ஒட்டில் அவனும் அதில் இருக்கிறான். இப்போது, குடும்ப நிலவரத்தில் மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டுக் குடியேற்ற ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது. உண்டு என்றால் அவன் பெயர் கழன்றுவிடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இல்லை என்று சொல்லி மாட்டிக்கொண்டால் இரண்டு பேரும் கட்ட வேண்டியதுதான்.

"வேற ஆளு யாராச்சும்?"

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே" என்று அவன் பதறினான்.

"அப்புறம் என்னம்மா, பிரிஞ்சிட்டோம்கிற?"

என்னவென்று சொல்வாள்? ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தவள் ஹால் சோபாவிலேயே சாய்ந்துவிட்டாள். அவன் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனான். மறுநாளும் அப்படியே. யாரும் யாரையும் திட்டவில்லை, ஒரு தட்டுகூட உடையவில்லை. கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதையாவது வேண்டாமா? அதுகூட இல்லாமல் ஒரு கல்யாணம் முடிந்துபோயிருந்தது.

"ஒரு வருஷமா நான் ஹால்லதான் படுக்கிறேன்" என்றாள்.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பிரிஞ்சிட்டோம்னா குடியேற்ற ஆபீஸ்காரன் லேசுல நம்ப மாட்டான். துருவித் துருவிக் கேப்பான். நானே கேக்கிறேன், சொல்லுங்க. சமையல்?"

"முன்னாடி வர்றவங்க செஞ்சிடுவோம்."

"ரெண்டு பேருக்கும் சேத்தா? சரி, துணி யார் துவைக்கிறது?"

"நான்தான்" என்றான் அவன். "அவ யூனிஃபார்ம் வெள்ளை. என் சட்டையோட போட்டா நீலம் ஏறிடும், தனியா போடணும். போடுறதுக்கு முன்னாடி பையைத் தடவிப் பாக்கணும், பேனாவை அதுலயே விட்டுடுவா."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "என் வீட்டுக்காரி இத்தனை வருஷமா என்கூட ஒரே கட்டில்ல படுக்கிறா. காசு இருக்கான்னு பாக்குறதைத் தவிர என் சட்டைப் பைக்குள்ள கை விட்டதில்ல. நீங்க பிரிஞ்சவங்களா? மாற்றம் இல்லைன்னு எழுதிட்டுப் போய்க்கிட்டே இருங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும். கையில கார்டு வரட்டும், அப்புறம் உங்க பாடு."

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் வந்ததிலிருந்து ஆடிக்கொண்டிருந்த அவன் முழங்கால் ஆடுவதை நிறுத்தியிருந்ததை அவள் பார்த்தாள். நல்ல வேலையை விட்டுவிட்டு இவள் பின்னால் வந்தவன். திரும்பிப் போனால் அங்கே அந்த வேலையும் இல்லை, புதிதாகத் தொடங்குகிற வயசும் இல்லை. அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் வார்டில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது, கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதாதே என்பதுதான். தவறிப்போனால் தவறிப்போச்சு என்று எழுது, திட்டு வாங்கு, அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அவள் அதை மீறியதில்லை. இப்போது பொய்யை எழுதினால்கூட உறுத்தாது போலிருந்தது. உண்மையை எழுதினாலும் வலிக்காது போலிருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"பேசிக்கிறீங்களான்னு கேப்பாங்களா அண்ணே?"

"ஏம்மா, பேசாமயா இருக்கீங்க?"

"பேசுறோம். பால் தீந்துபோச்சு, பல்பு போயிடுச்சு, பூட்டிட்டுப் போங்க. அவ்வளவுதான்."

கீழே சலூனில் முடி உலர்த்தும் மெஷின் ஓடி நின்றது. அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"எழுதிடுங்க அண்ணே" என்றான் அவன். "பிரிஞ்சாச்சு."

"யோசிச்சுப் பேசுப்பா. உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிற."

"இவ பொய் எழுத மாட்டா. எழுதுனா அது எனக்காக எழுதுனதா இருக்கும். அதைச் சுமந்துக்கிட்டு நான் எப்படி இங்க இருக்கிறது?"

அண்ணன் பெருமூச்சு விட்டார். "தேதி கேப்பான். என்னைக்குப் பிரிஞ்சீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "இவ ஹால்ல படுத்த ரெண்டாவது நாள்."

"முதல் நாள் இல்லையா?"

"முதல் நாள் அசதி, தூங்கிட்டா. ரெண்டாவது நாள் நான் முழிச்சிக்கிட்டுதான் கிடந்தேன். கூப்பிடலாம்னு நினைச்சேன். கூப்பிடல."

அன்றைக்கு அவளும் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். கூப்பிட்டிருந்தால் போயிருப்பாளா? மனசுக்குள் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அழுகையாவது வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள், அதுவும் வரவில்லை. அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"இனிமேலாவது துணியைத் தனித்தனியா துவைங்க, சாமி" என்றார் அண்ணன், கும்பிடாத குறையாக. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, காலையில் அவன் உலர்த்திவிட்டுப் போன துணிகள் பால்கனியில் மொடமொடவென்று காய்ந்திருந்தன. இரண்டு பேருமாக அள்ளிக்கொண்டு வந்து ஹால் தரையில் போட்டார்கள். அவன் சப்பணமிட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தான். அவன் சட்டைகள் ஒரு பக்கம், அவள் யூனிஃபார்ம் ஒரு பக்கம். காலுறைகளை ஜோடி பார்த்துச் சுருட்டி வைத்தான். சீக்கிரமே முடிந்துவிட்டது, இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. கடைசியாகப் படுக்கை விரிப்பு மிஞ்சியது, பெரிய கட்டிலுக்கு வாங்கியது.

அதை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. பழக்கத்தில் அவள் இரண்டு முனைகளைப் பிடித்தாள், அவன் எழுந்து மற்ற இரண்டைப் பிடித்தான். இழுத்து ஒரு உதறு உதறினார்கள். நீளவாக்கில் மடித்தார்கள். பிறகு அவன் நடந்து வந்து தன் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கீழே தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டான்.

"நீயே வச்சுக்கோ" என்றான். "ஊர்ல நான் படுக்கப் போற கட்டில் சின்னது."

"சோபாவுக்குப் பெருசு."

இரண்டு குவியல்களுக்கும் நடுவில் நின்றார்கள். அவன் தன் பக்கத்தை விடப் போவது துணி தளர்ந்ததில் தெரிந்தது.

"இருங்க" என்றாள். "இன்னொரு மடிப்பு மடிக்கலாம்."

விரிப்பு ஏற்கனவே சின்னதாகிவிட்டிருந்தது. அவன் விடாமல் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வந்தான்.