வெல்டர் மேலே போன விவகாரம்

வெல்டர் தரையை விட்டுக் கிளம்பி உள்கூரையில் முதுகு முட்டி நின்றது ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரப் போன நேரத்தில். கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவர் மனைவி தையல்காரி குழம்புக் கரண்டியோடு அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷமும் மேலே போவதற்குக் காத்திருந்தவள் அவள். அப்படியெல்லாம் யாரும் போக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஒரே சபைதான். பிறகு அந்தச் சபைக்குள் தகராறு வந்தது. உலக முடிவில் வரும் மகா உபத்திரவம் தொடங்குமுன்பே கர்த்தர் இரகசியமாக வந்து தம்முடையவர்களை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்றது ஒரு பக்கம். உபத்திரவம் முழுவதையும் பட்டு முடித்த பிறகு, கடைசி எக்காளம் ஊதும்போதுதான் எல்லாம் என்றது மறுபக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவிலேயே பெஞ்சுகளைப் பங்கு பிரித்துக்கொண்டு, அதே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு கட்டடம் பிடித்தார்கள். பாட்டு நேரத்தில் அவரவர் ஒலிபெருக்கியை எதிராளியின் ஜன்னலுக்கு நேரே திருப்பி வைத்தார்கள். தெருக்காரர்கள் ஒன்றுக்கு முந்திக் கூட்டம், மற்றதற்குப் பிந்திக் கூட்டம் என்று பெயர் வைத்தார்கள். தையல்காரி முந்தியில் சேர்ந்தாள். வெல்டர் பிந்தியில் சேர்ந்தார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் சண்டை குடிவந்தது. விட்டுப் போகப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று அவள் கூரை ஒழுகலை அடைக்கவிடவில்லை. துணி தைக்கக் கொடுத்தவர்களிடம், "வெள்ளிக்கிழமை இருந்தா தர்றேன்" என்று சொல்வாள். அவரோ அரிசி, பருப்பு, உப்பு, மெழுகுவத்தி என்று மூட்டை மூட்டையாக வாங்கிப் படுக்கையறையை நிரப்பினார். உபத்திரவ காலத்தில் ஆளவரும் அந்திக்கிறிஸ்துவின் ஆட்கள் வந்தால் உடைக்க முடியாதபடி ஜன்னலுக்கெல்லாம் கட்டைவிரல் கனத்தில் கம்பி வைத்து அடைத்தார்.

"நான் போனப்புறம் இத்தனையும் நீங்களே உக்காந்து தின்னுங்க" என்பாள் அவள்.

"நீ எங்கயும் போகமாட்ட. பசி வந்ததும் ஒரு பிடி அரிசி குடுங்கன்னு என்கிட்டதான் வந்து நிப்ப."

அவர்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை இருந்தது: பிள்ளை வேண்டாம். விட்டுவிட்டுப் போகவா என்றாள் அவள். பட்டினி போடவா என்றார் அவர். வயது தாண்டும்வரை இருவரும் அதில் மட்டும் மாறவில்லை. அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளவுமில்லை.

செய்தி பரவியதும் முந்திக் கூட்டத்தின் போதகர் ஆட்களோடு வந்தார். அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கர்த்தர் எடுக்கிறதா இருந்தா ஒரு கூரை தடுக்குமா? இது அவர் வேலை இல்ல" என்றார். உடனே அத்தனை பேரும் கைநீட்டிப் பேயை அதட்டினார்கள். வெல்டர் சொம்பை அவர்கள்மீது வீசினார். அந்தச் சமயத்தில் பிந்திக் கூட்டத்தின் மூப்பர் உள்ளே நுழைந்தார். அவருக்கு வந்த கோபம் இன்னும் பெரிது. "ஒண்ணு நீ கீழ இறங்கு, இல்ல சபையிலேர்ந்து இறங்கு" என்றார். மூட்டைகளை இழுத்துவந்து வெல்டரின் காலில் கட்டினார்கள். மூட்டைகளும் அவரோடு மேலே போய், கூரையில் தட்டி நின்றன. முற்றத்தில் இரண்டு கூட்டமும் சட்டையைப் பிடித்துக்கொண்டன. கொஞ்சம் ஓய்ந்து மூச்சு வாங்கியபோது, இந்த ஆளை விசுவாசி என்று யாரும் சொல்லக்கூடாது என்று இரு தரப்பும் ஒரே வாயாகத் தீர்மானித்தன. பிரிந்த நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

எல்லோரும் போன பிறகு அவள் முற்றத்துக் கதவைத் திறந்தாள். வெளியே தெளிவான வானம்.

"போறதா இருந்தா போங்க."

"போனா நீ சொன்னது சரின்னு ஆயிடும்."

"எனக்காகப் போகவேணாம். கூப்பிட்டவருக்காகப் போங்க."

"என்னை யாரும் கூப்பிடல" என்றார் வெல்டர். "ஒரு சத்தமும் கேக்கல. கால்ல கனம் இல்லாம போச்சு, அவ்வளவுதான்."

அவள் கதவைச் சாத்தினாள்.

மாதங்கள் போயின. கழியில் கட்டிய கூடையில் சோறு மேலே போயிற்று, வெறும் தட்டு கீழே வந்தது. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் தினமும் கண்மூடி நிற்பாள். குதிகால் தரையை விட்டு இம்மியும் எழும்பாது. வெளியே வந்தால் கூரையில் அவர் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க அவள் வயிறு எரிந்தது. ஒரு காலை அவர் மேலேயிருந்து, "உனக்கு உச்சியில சொட்டை விழுந்திருக்கு தெரியுமா?" என்று கேட்டார். அவள் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்தாள். கழியை எடுத்தாள். கதவை அகலத் திறந்து, ஒட்டடை தள்ளுவதுபோல அவரைத் தள்ளிக்கொண்டே போனாள். வெல்டர் கதவு நிலையின் மேற்சட்டத்தைப் பிடித்துத் தொங்கினார், கால்கள் வானத்தைப் பார்த்தபடி. விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. காப்பாற்று என்று அவர் கேட்கவில்லை, விட்டுத் தொலை என்றும் சொல்லவில்லை. அவளை மட்டும் பார்த்தார். கடைசி விரல் விடுபட்டபோது அவள் கழியைப் போட்டுவிட்டு எம்பி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பாரம்தான் அவரை நிறுத்தியது.

அக்கம்பக்கத்தார் பிறகு ஏன் பிடித்தாய் என்று கேட்டார்கள். "எனக்கு முன்னாடி அவரு போகக்கூடாது" என்றாள். அதை வன்மம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள், வேறு மாதிரி சிலர்.

கூடாரத் துணியை நாலு மடிப்பாக்கி அவருக்கு ஒரு இடுப்புப் பட்டை தைத்தாள், முதுகில் கயிறு கோக்க ஒரு வளையமும் வைத்து. அதன்பின் வெல்டருக்கு வேலை குவிந்தது. பெயர்ப்பலகைகள், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள், பாலத்தின் அடிப்பக்கம் என்று சாரம் கட்டாமல் முடிகிற வேலையெல்லாம் அவருக்கே வந்தது. கீழே கயிற்றைப் பிடித்தபடி அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். முந்திக் கூட்டம் ஒரு புத்தாண்டில் கலைந்தது. பிந்திக் கூட்டத்தின் கட்டடம் டயர் கிடங்கானது. இருவருக்கும் தலை நரைத்தது.

இன்றும் சாயங்காலங்களில் அவர்கள் கடைத்தெருவுக்கு வருகிறார்கள். தலைக்கு மேலே அவர், கீழே கயிறும் கையுமாக அவள். எக்காளம் முந்தியா உபத்திரவம் முந்தியா என்ற வழக்கு நடந்துகொண்டே வரும். பேச்சு முற்றினால் அவள் கயிற்றை ஒரு முழம் தளர்த்துவாள். அவர் ஒரு முழம் உயரே போய், இன்னும் சத்தமாகப் பேசுவார். சைக்கிளில் வருகிறவர்கள் தலையைக் குனிந்து கயிற்றுக்கு அடியில் போய்விடுகிறார்கள்.