தலைப்பிரட்டைகள் குறைந்த வாரம்

இரண்டாம் வகுப்பின் ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் திங்களன்று இருபத்திரண்டு தலைப்பிரட்டைகள் இருந்தன. புதனன்று பதினேழு, வெள்ளி காலையில் ஒன்பது. பிள்ளைகள் பிழையாக எண்ணியிருப்பார்கள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த ஆசிரியை அன்று தானே எண்ணினார். செத்து மிதந்தது ஒன்றுகூட இல்லை. தொட்டிக்குக் கீழே தரை மட்டும் ஈரமாக இருந்தது.

அறைச் சாவி ஆயாவிடம் இருந்தது. தொட்டி வந்த அன்றே அவர், "கொசுப் பண்ணையா டீச்சர்? ஒரு நாள் கொட்டத்தான் போறேன்," என்று சொல்லியிருந்தார். அன்று வேடிக்கையாகப் பட்ட பேச்சு இப்போது வேறு பொருள் கொண்டது.

"அக்கா, தொட்டியில கை வச்சீங்களா?"

"திருடியக் கேக்கற மாதிரி கேக்கறீங்களே. தண்ணி வத்திப்போச்சேன்னு ஒரு மக்கு ஊத்துனேன்."

"குழாய்த் தண்ணியா? அந்தக் குளோரின்ல இதுக செத்துடுமே!"

"பின்னே, பன்னீரா ஊத்துவாங்க?"

பதிலின் துடுக்கையே ஆசிரியை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். புகாரைக் கேட்ட தலைமையாசிரியையும் மறுக்கவில்லை. "அவங்க மேல ஏற்கனவே குறை இருக்கு. எழுதிக் குடுங்க, திங்கள்ல இருந்து வேற ஆள் பாத்துக்கலாம்." ஆசிரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மதியம் வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். அந்த வாரப் பாடம் உணவுச் சங்கிலி. தொட்டியைப் பார்த்து ஒரு சங்கிலி வரையச் சொல்லியிருந்தும், எல்லோரும் சுவரிலிருந்த படத்தையே பார்த்து வரைந்திருந்தார்கள்: பூச்சியைத் தவளை, தவளையைப் பாம்பு, பாம்பைப் பருந்து. முன்பற்கள் நீண்டிருந்ததால் முயல்பல்லி என்று வகுப்பே அழைக்கும் சிறுமி மட்டும், பூச்சி தலைப்பிரட்டையைத் தின்பதாக, தலைப்பிரட்டையிலிருந்து பூச்சிக்கு அம்பு போட்டிருந்தாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

நோட்டை வாங்கியவள் நகரவில்லை. "ஏன் டீச்சர் தப்பு?"

"தவளைதான் பூச்சியத் தின்னும். நீ தலைகீழாப் போட்டிருக்கே."

"அது பெரிய தவளை. இது குட்டிதானே? பூச்சிதான் பெருசு."

"எந்தப் பூச்சி?"

"செடிக்கு அடியில படுத்திருக்குமே. வாய நீட்டிப் பிடிக்கும்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"அதான் வரைஞ்சேனே."

ஆசிரியை நீர்ச்செடியைத் தூக்கினார். வேரோடு ஒட்டிக்கொண்டு, விரற்கணு நீளத்தில், சேற்று நிறத்தில் ஒன்று வந்தது. அதன் வாயில் ஒரு வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இறக்கை முளைக்கும்வரை நீருக்குள் வாழும் தட்டான் குஞ்சு. தொட்டி அழகாக இருக்கட்டும் என்று ஞாயிறன்று குளத்திலிருந்து அந்தச் செடியைப் பறித்து வந்தவர் ஆசிரியைதான்.

தட்டான் குஞ்சைப் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் தலைமையாசிரியையின் அறைக்கு நடந்தார்.

"கடிதத்தைத் திருப்பிக் குடுங்க மேடம். தப்பு என்னோடது."

தலைமையாசிரியை பாட்டிலைப் பார்க்கவில்லை; ஆசிரியையின் முகத்தைத்தான் பார்த்தார். "அந்தம்மா ஏதாவது மிரட்டினாங்களா?"

"இல்ல."

"காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு. எதை நம்பறது?"

ஆசிரியை பாட்டிலை மேசைமேல் வைத்தார். உள்ளே, வால் முழுவதும் மறைந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியை சற்றே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார், கடிதம் கைமாறியது.

வகுப்பில் ஆயா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். புகார் எழுதிக் கொடுத்த விஷயம் அவர் காதுக்கு முன்பே எட்டியிருந்தது; அவர் நிமிரவில்லை.

"அக்கா, மன்னிச்சிடுங்க. இதுதான் எல்லாத்தையும் தின்னுருக்கு."

ஆயா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுகிட்டயும் ஒரு சாவி குடுத்திருந்தீங்களா டீச்சர்?" என்றார். அவர் சிரிக்கவில்லை.