பழசான வால்வு

பொன்னுச்சாமி மாமா நூல் பிசிறு வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்து, இறந்து கிடந்த அப்பாவின் மணிக்கட்டில் வைத்தார். இந்துமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க மாமா. இதென்ன கயிறு?"

"காப்பு கண்ணு. இதோட அனுப்பக் கூடாது. கைய எடு சாமி."

"எதுக்குக் காப்பு?"

மாமா அவள் கையை விலக்கினார். ட்ரிம்மர் ஒரே கடியில் மஞ்சள் கயிற்றை அறுத்தது.

பனியன் கம்பெனிகளுக்கு நடுவிலிருந்த ராயபுரத்துச் சந்துக்குள் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா குமாரவேலுவோடு நிட்டிங் மெஷின் ஓட்டியவர்கள் ஷிஃப்ட் முடிந்த கையோடு, தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக வந்து ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"சத்தமே இல்லாமப் படுத்திருக்காரு பாருங்க" என்றார் ஒருவர்.

எல்லோருக்கும் புரிந்தது. சில வருஷங்களுக்கு முன் குமாரவேலுவின் இதயத்தில் கார்பன் வால்வு பொருத்தினார்கள். அன்றிலிருந்து அவர் இருக்கும் இடத்தில் டிக் டிக்கென்று கேட்கும். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தன் வாட்சைக் காதில் வைத்துப் பார்ப்பார். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் ஒரு வால்வைக் காட்டி, சுற்றியிருக்கும் வெள்ளைத் துணியைத்தான் இதயத்தோடு வைத்துத் தைப்போம் என்றபோது குமாரவேலு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "துணி நிட்டிங்குங்களா, தறியில நெய்ஞ்ச வோவனுங்களா?"

அந்த டிக் டிக்தான் இந்துமதியின் படிப்பையே திருப்பிவிட்டது. கோயமுத்தூர் லேபில் அவளும் கூடப் படிக்கும் தேஜஸ்ரீயும் ஒரு வால்வு செய்துகொண்டிருந்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் இதழ்கள், சத்தம் வராது. அதைவிட, ரத்தம் கட்டாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டியிருக்காது. அதற்காகத்தான் இத்தனை பாடும். முதல் டிசைன் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. இப்போதையது உப்புத்தண்ணீர் நிரப்பிய சோதனை மெஷினுக்குள் ராப்பகலாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

தம்பி அருள்குமாரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப்போனாள்.

"காலைல என்னடா ஆச்சு?"

"மூச்சு வாங்குதுன்னாரு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உக்காந்தாப்பலயே சாஞ்சுட்டாருக்கா."

"நெஞ்சுல சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. தலகாணிக்குள்ள வெச்சாப்பல, அமுங்கி."

இந்துமதிக்குத் தெரியும். வால்வில் ரத்தம் கட்டினால்தான் அப்படிக் கேட்கும்.

"மாத்திர ஒழுங்காப் போட்டாரா?"

அருள் தரையைப் பார்த்தான். "காப்புக் கட்டுனதுலருந்து போடல."

"என்னடா சொல்ற?"

"தைப்பூசத்துக்கு அலகு குத்தறதா வேண்டிக்கிட்டாரு. அந்த மாத்திர போட்டா ரத்தம் நிக்காதல்ல? அலகு குத்தறப்ப ரத்தம் வந்தா வெரதத்துல கொறைன்னு பேசுவாங்களாம். 'பூசம் முடிஞ்சு போட்டுக்கறேன், உங்கக்காகிட்ட மூச்சு உட்றாதீங்க, வைஞ்சே கொன்னுருவா'ன்னு சிரிச்சாரு."

"அப்படி என்னடா வேண்டுதல்?"

"உன்ற மெஷின்ல இருக்கறது கிழியாம ஓடோணும்னு."

இந்துமதி தொட்டித் தண்ணீரில் கையை விட்டாள். எடுக்கத் தோன்றவில்லை.

மத்தியானம் எடுத்துப்போனார்கள். ஆண்கள் மயானத்துக்குப் போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அந்த ஈரத்திலேயே அம்மா செல்லாத்தாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மெல்லப் பேசினாள்.

"அந்தச் சத்தம் ரெண்டு நாளாவே கொறைஞ்சுட்டு வந்துச்சு கண்ணு. பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா? சொன்னேன். 'முருகன் கேட்டுட்டான் புள்ள, இந்து செய்யற வால்வாட்டவே இதும் சத்தமில்லாம ஆயிருச்சு'ன்னாரு. நானும் கும்புட்டுட்டுத் தூங்கிட்டேன்."

சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"மாத்திரைய நிறுத்துனதாலயா கண்ணு? நாந்தான் சரின்னேன்."

இந்துமதியின் மடியில் போன் அதிர்ந்தது. தேஜஸ்ரீ. 'இன்னும் ஓடுது. கிழியல.' போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இல்லீங்கம்மா" என்றாள். "வால்வு பழசாயிருச்சு. உள்ளுக்குள்ள தேஞ்சிருக்கும். மாத்திர போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்."

"நெசமாவா?"

"இதத்தானம்மா நான் படிக்கறேன்."

செல்லாத்தாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பச் சரி" என்றாள்.

மறுநாள் காலை, பவானிக்குப் போகிற வேன் சந்து முனையிலேயே நின்றது. சாம்பல் கலயம் வீட்டுக்குள் வரக் கூடாது. அருள் மட்டும் இறங்கி வந்து வாசலில் மூடியிருந்த கையை விரித்தான்.

"சாம்பல்ல கெடந்துச்சு. ஆத்துல போட்டர்றதா, வேண்டாமான்னு மாமா கேக்கறாரு."

துணி எரிந்துபோயிருந்தது. கறுத்த வளையமும் அதற்குள் இரண்டு சின்னத் தகடுகளும் மிச்சம். இந்துமதி கையை நீட்டுவதற்குள் செல்லாத்தாள் வாங்கிக்கொண்டாள். முந்தானையால் துடைத்து, தேய்மானம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதோரம் கொண்டுபோய் ஆட்டினாள்.

டிக்.

மறுபடியும் ஆட்டினாள்.

டிக்.

முனையில் வேன் ஹாரன் அடித்தது.

"ஆத்துல போட வேண்டாம்னு சொல்லு" என்றாள் அருளிடம். மகள் பக்கம் திரும்பவில்லை. "நீயி லேபுக்குப் போவோணுமல்ல கண்ணு. அங்க அது ஓடிட்டிருக்கும்."

வளையத்தை முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சு நிற்கவில்லை. அவிழ்த்து, இன்னும் இறுக்கிப் போட்டாள்.