கடுகளவு நீல முத்திரை

அல்மாட்டியில் பணம் மாற்றும் ஜன்னலுக்குள் இருந்த பெண், புருல்கான் நீட்டிய நூறு டாலர் நோட்டுகள் எட்டையும் நான்கு நான்காகப் பிரித்து வைத்தாள்.

"இந்த நாலுக்கு போர்டுல இருக்கிற விலை. அந்த நாலுக்கு நூத்துக்குப் பத்து குறைச்சுதான் தருவேன்."

"கள்ள நோட்டா?"

"நல்ல நோட்டுதான்க்கா."

புருல்கானுக்குப் புரியவில்லை. நல்ல நோட்டென்றால் ஏன் குறைய வேண்டும்? அதிலும் தன் ஊரான பிஷ்கெக்கில், அந்த ஊர்ப் பணமான சோம் கொடுத்து, கடைத்தெரு முழுக்கச் சொன்ன விலையைவிட மலிவாக வாங்கிய டாலர் இது. அதை விற்ற பணமாற்றுக் கடைக்காரன் கெனேஷ் அவளுடைய சொந்தக் கொழுந்தன்.

ஜன்னல்காரி ஒரு நோட்டின் மூலையைக் காட்டினாள். கடுகளவு நீல முத்திரை. கைமாறும் வழியில் ஏதோ ஒரு வியாபாரி, கள்ள நோட்டு இல்லை என்று சோதித்துவிட்டதற்கு அடையாளமாகக் குத்தியது. நோட்டு செல்லும், ஆனால் இந்தப் பக்கத்து வங்கிகள் முகம் சுளிக்கும். அதனால் வியாபாரிகள் அதை மலிவாக வாங்குகிறார்கள். மலிவாக வாங்கியதை, விரித்துப் பார்க்காத ஒருவர் தலையில் கட்டினால்தான் லாபம்.

புருல்கான் விரித்துப் பார்க்கவில்லை. கொழுந்தன் கொடுத்த பணத்தை அவன் எதிரிலேயே சோதிப்பது அவர்கள் குடும்பத்தில் முகத்தில் அறைவதற்குச் சமம்.

அவள் கோட்டு தைப்பவள். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்காகத்தான் எல்லை தாண்டி வந்திருந்தாள்; ஒரு கண்ணுக்கு நானூறு டாலர் ஆகும். தெரு ஓரத்தில் நின்று கெனேஷுக்குப் போன் செய்தாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"அதுக்குத்தான் அண்ணி விலையைக் குறைச்சேன்."

"அரை சோம் குறைச்சே. இங்க டாலருக்கு ஒம்பது சோம் போகுது. ஏன் எனக்கு?"

"வெளியாளு விரிச்சுப் பாத்து சண்டைக்கு வருவான். நீங்க பாக்க மாட்டீங்கன்னு தெரியும்."

அவனுக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தவள் அவள். போனை அணைத்தாள். சுத்தமான நான்கு நோட்டுக்கு வலது கண்ணை மட்டும் சரிசெய்துகொண்டு ஊர் திரும்பினாள்.

மறுவாரம் கெனேஷின் கடை வரிசையில் நின்று, மிச்ச நான்கையும் ஜன்னலில் வைத்தாள்.

"மாத்திக் குடு."

"உள்ள வாங்க அண்ணி, டீ குடிச்சிட்டுப் பேசுவோம்."

"டீ அப்புறம்."

வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வேறு நான்கு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தான். அவள் ஒவ்வொன்றையும் விரித்து, திருப்பி, சரிசெய்த கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். மூன்றாவதைத் திருப்பித் தள்ளினாள், ஓரம் கிழிந்திருந்தது.

"என்னையே சந்தேகப்படுறீங்களா?"

"சந்தேகம் எல்லாம் போன வாரத்தோட தீர்ந்துபோச்சு."

பின்னால் நின்ற லாரிக்காரர் மெல்லக் கேட்டார்: "அக்கா, நான் நாளைக்கு தாஷ்கண்ட் போறேன். எதைப் பாக்கணும்?"

"போர்டைப் பாத்து மயங்காதீங்க. போற ஊர்ல கைக்கு எவ்வளவு வருதோ, அதுதான் விலை. முத்திரை, கிறுக்கல், கிழிசல் இருக்கான்னு ஜன்னலை விட்டு நகர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு நோட்டா விரிச்சுப் பாருங்க. இருந்தா அங்கேயே திருப்பிக் குடுங்க. குடுக்கிறவன் சொந்தக்காரனா இருந்தா, ரெண்டு தடவை பாருங்க."